நிதானம் நிறுவப்பட்டார்

நில வரைபட அலுவலகத்தில் படம் திறக்க நேரமாகிறது என்பது பொதுமக்களின் நீண்டகாலப் புகார். இது ஒருதலைப்பட்சமான புகார். அந்த அலுவலகத்தில் எதைத் திறந்தாலும் நேரமாகும். ஜன்னலைத் திறக்கவே இரண்டு பேர் வேண்டும். கடைசியாகப் பெயிண்ட் அடித்தவர் தாழ்ப்பாளையும் சேர்த்து அடித்துவிட்டுப் போயிருந்தார். அப்படியிருக்க வரைபடத்தை மட்டும் குறை சொல்வானேன் என்று அலுவலர்கள் மனம் வருந்தினார்கள்.

இருந்தாலும் புகாரிலும் கொஞ்சம் உண்மை இருந்தது. கவுண்ட்டருக்கு முன்னால் நிற்பவர் தன் மனையின் எண்ணைச் சொல்வார். எழுத்தர் அதைத் தட்டுவார். திரையில் வரைபடம் மேலிருந்து கீழாக, சுவரில் ஈரம் இறங்குவதுபோல, கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். வடக்கு எல்லை தெரியும். அப்புறம் கிணறு தெரியும். பக்கத்து வீட்டுக்காரரோடு தகராறில் இருக்கிற அந்தத் தெற்கு மூலை தெரியப் போகிற சமயத்தில் மதிய இடைவேளை வந்துவிடும். இடைவேளை முடிந்து வந்தால் கணினி தூங்கியிருக்கும். மறுபடி வடக்கு எல்லையிலிருந்து ஆரம்பம். வரிசையில் நிற்பவர்களில் ஒரு கணக்கு வாத்தியார் உண்டு. ஓய்வு பெற்றவர். "இது ஆபீஸா, அருங்காட்சியகமா?" என்று தினமும் ஒருமுறை சத்தமாகக் கேட்டுவிட்டுத்தான் வீட்டுக்குப் போவார்.

அலுவலகத்தின் கணினிகளைப் பார்த்துக்கொள்ள ஒரு பொறியாளர் இருந்தார். எல்லோரும் அவரை சிஸ்டம் மேடம் என்றார்கள். அவர் தலைமை அலுவலகத்துக்குக் கடிதம் எழுதினார். நம் கணினிகளில் ஓடுவது லினக்ஸ் என்கிற இயங்குதளம், அதில் குற்றமில்லை. திரையில் படம் வரைகிற கிராபிக்ஸ் கார்டுதான் கிழடாகிவிட்டது. சந்தையில் நமக்கு ஏற்றதாக இரண்டு கார்டுகள் இருக்கின்றன, ஒன்று கறுப்புப் பெட்டியில் வருகிறது, இன்னொன்று வெள்ளைப் பெட்டியில். எதை வாங்குவதென்று முடிவு செய்ய, கார்டுகளையும் அவற்றின் டிரைவர்களையும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். அதற்கு எளிய வழி, கனமான ஒரு விளையாட்டை லினக்ஸில் ஓட்டி, விநாடிக்கு எத்தனை படம் வரைகிறது என்று எண்ணுவது. விளையாட்டைத் தாங்குகிற கார்டு வரைபடத்தைத் தாங்காமல் போகாது.

தலைமை அலுவலகம் பெருந்தன்மையோடு ஒப்புதல் தந்தது. 'கார்டுகள் மற்றும் டிரைவர்களின் செயல்திறனை ஒப்பிட்டு, தகுதியில் மேம்பட்ட டிரைவரை நிறுவி, அறிக்கை சமர்ப்பிக்கப்பட வேண்டும். ஒப்பீட்டில் எந்த டிரைவரும் விடுபடக் கூடாது. விளையாட்டானது அலுவல் நோக்கில் மட்டுமே ஆடப்பட வேண்டும். ஆடுபவர் அதனால் மகிழ்ச்சியடைதல் கூடாது.'

மேடம் விதியை மீறவில்லை. கார்ப் பந்தய விளையாட்டு ஒன்றை ஏற்றி, முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு ஆடினார். சிரிக்கிறாரா என்று பார்க்கப் பக்கத்தில் ஒரு எழுத்தரை உட்கார வைத்திருந்தார்கள். எழுத்தர்தான் இரண்டு தடவை சிரித்தார். அவரிடம் விளக்கம் கேட்கப்பட்டது.

முடிவு இயக்குநரின் மேஜைக்குப் போயிற்று. இயக்குநரைப் பற்றி ஒரு நல்ல வார்த்தை சொல்ல வேண்டும். அவர் எந்தக் கோப்பையும் படிக்காமல் கையெழுத்துப் போட்டதில்லை. புரியாமல் போட்டதில்லை என்று யாரும் சொன்னதில்லை.

மேடம் எழுதியிருந்தது இது: 'கம்பெனி டிரைவர் வேகமாக ஓடுகிறது, விநாடிக்கு நூற்று நாற்பது. ஆனால் லினக்ஸைப் புதுப்பித்தால் மறுநாள் காலையில் எதிரே எல்லாம் இருட்டாகிவிடுகிறது. இலவச டிரைவர் சற்று மெது, விநாடிக்கு நூற்றிருபது. ஆனால் எப்போதும் கலங்குவதில்லை. தனியாகத் தேட வேண்டியதில்லை, கூடவே வந்துவிடும்.'

இயக்குநர் இதை இரண்டு தரம் படித்தார். முதல் ஆள் வேகமாக ஓட்டுகிறான், மறுநாள் காலையில் கண் தெரிவதில்லை என்றால் என்ன பழக்கம் என்று அவருக்குத் தெரியாதா? இரண்டாமவன் சாது, சம்பளமும் கேட்பதில்லை. அவர் பார்வை மெல்ல ஜன்னலுக்கு வெளியே, அலுவலக ஜீப் நிற்கிற கொட்டகைக்குப் போயிற்று.

ஜீப்பின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தவர்தான் அலுவலகத்தின் ஒரே டிரைவர். அவரை நிதானம் என்று கூப்பிடுவார்கள். நில அளவையாளர்களை ஏற்றிக்கொண்டு மனை மனையாகப் போவது அவர் வேலை. வண்டியில் ஒரு கீறல் கிடையாது. கோழி குறுக்கே வந்தால் அது எந்தப் பக்கம் போவதென்று தீர்மானிக்கிற வரைக்கும் காத்திருப்பார். அவர் ஓட்டினால் ஜீப்புக்கு முன்னால் அதன் நிழல் போய்ச் சேர்ந்துவிடும் என்று அவர் மனைவியே சொல்வார்.

அன்று மாலையே ஒரு ஆணை வந்தது. ஒப்பீட்டில் அலுவலக டிரைவரும் சேர்க்கப்படுகிறார். செயல்திறனில் இலவச டிரைவருக்குக் கீழே வருகிற எவரும் பணியிலிருந்து விடுவிக்கப்படுவார்.

நிதானம் ஆணையை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். வீட்டுக்குப் போய் மனைவியிடம் சொன்னார். அவர் ஒரு சலவைக் கடையில் வேலை பார்ப்பவர். எந்தக் கறையானாலும் ஒருமுறை தேய்த்துப் பார்க்காமல் விடமாட்டார். சம்பளமே வாங்காமல் வண்டி ஓட்டுகிறவன் எவன், அவன் வீட்டில் அடுப்பு எரிய வேண்டாமா, இதில் ஏதோ சூது இருக்கிறது என்றார். நாளைக்குப் போய் அந்த ஆளைப் பார்த்துத் தன்மையாகப் பேசுங்கள், நமக்குப் படிக்கிற பெண் ஒருத்தி இருக்கிறாள் என்று சொல்லுங்கள், மனுஷன்தானே, இரங்குவான் என்றும் சொல்லி அனுப்பினார்.

மறுநாள் நிதானம் தலையைப் படிய வாரிக்கொண்டு சிஸ்டம் மேடத்தின் அறைக்குப் போனார். இலவச டிரைவர் எத்தனை மணிக்கு வருவார் என்று கேட்டார். மேடத்துக்கு விஷயம் விளங்கக் கொஞ்ச நேரம் பிடித்தது. விளங்கியதும் அவரை உட்கார வைத்து, டிரைவர் என்பது ஆளில்லை, கார்டுக்கும் கணினிக்கும் நடுவில் நின்று ஒன்று சொல்வதை இன்னொன்றுக்குப் புரிய வைக்கிற ஒரு நிரல் என்றார். ஒன்று கறுப்புப் பெட்டிக் கார்டுக்கு அதைச் செய்கிற கம்பெனியே எழுதித் தருவது, உள்ளே என்ன இருக்கிறதென்று காட்ட மாட்டார்கள். இன்னொன்று வெள்ளைப் பெட்டிக் கார்டுக்காக எங்கெங்கோ இருக்கிற நூற்றுக்கணக்கான பேர் சேர்ந்து எழுதி, யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்தது.

சும்மா எழுதித் தருகிறார்களா, அவர்களை வீட்டில் ஒன்றும் சொல்ல மாட்டார்களா என்று நிதானம் ஆச்சரியப்பட்டார். பிறகு மனசு லேசாகிச் சிரித்தார். இரண்டு பேரும் சேர்ந்து இயக்குநரிடம் போனார்கள்.

இயக்குநர் பொறுமையாகக் கேட்டார்.

"அது மனுஷன் இல்லைன்னு எனக்கும் தெரியும் மேடம். ராத்திரியே என் பையன் சொல்லிட்டான்."

"அப்புறம் எதுக்கு சார் இவரை இதுல சேர்க்கணும்?"

"இவர் பதவி என்ன?"

"டிரைவர்."

"தலைமை அலுவலகத்து உத்தரவுல எந்த டிரைவரும் விடுபடக் கூடாதுன்னு இருக்கா இல்லையா? மனுஷங்க நீங்கலாகன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"இல்ல சார்."

"நாளைக்குத் தணிக்கைக்காரங்க வந்து, ஒருத்தரை மட்டும் ஏன் விட்டீங்க, உங்களுக்கு வேண்டப்பட்டவரான்னு கேட்டா நான் என்ன சொல்றது?"

மேடம் சோதனைக்கு நாள் குறித்தார். தப்பான இடத்தில் ஆரம்பித்துச் சரியான பாதையில் போகிற வாதத்தை வழியில் மறிக்க முடியாது.

சோதனை நாளன்று அலுவலகமே வேலையை விட்டுவிட்டுக் கணினி அறையில் கூடியது. வேலையை விட்டதை யாரும் கவனிக்கவில்லை. வெள்ளைப் பெட்டிக் கார்டு பொருத்திய கணினியின் முன்னால் நிதானம் உட்கார்ந்தார். நாற்காலியை முன்னும் பின்னும் தள்ளிச் சரிசெய்தார். பையிலிருந்து துணியை எடுத்துத் திரையைத் துடைத்தார். பின்னால் பார்க்கிற கண்ணாடி எங்கே என்று கேட்டார். அப்படி ஒன்று உண்டு, இந்தப் பொத்தானை அழுத்துங்கள் என்று மேடம் காட்டினார். அவருக்குக் கொஞ்சம் தைரியம் வந்தது.

பச்சை விளக்கு விழுந்தது. மற்ற கார்கள் எல்லாம் புழுதியைக் கிளப்பிக்கொண்டு பாய்ந்தன. நிதானம் அவை போகட்டும் என்று காத்திருந்தார். எல்லாருக்கும் என்ன அவசரமோ, யார் வீட்டில் என்ன கஷ்டமோ என்று சொல்லிக்கொண்டே ஓரமாக வண்டியை எடுத்தார். வளைவு வந்தபோது வேகத்தைக் குறைத்தார். ஏற்கெனவே குறைவாக இருந்த வேகத்தை அவர் எப்படிக் குறைத்தார் என்பது இன்றுவரை யாருக்கும் விளங்கவில்லை. ஒரு சுற்று முடித்துவிட்டுப் பின்னாலிருந்து வந்த கார்களுக்கு ஒதுங்கி வழிவிட்டார்.

பந்தயத்தில் அவர் கடைசி. ஆனால் திரையின் மூலையில் ஒரு எண் ஓடிக்கொண்டிருந்தது. விநாடிக்கு எத்தனை படம் என்று காட்டுகிற எண். மேடம் ஆடியபோது நூற்றிருபதில் நின்றது இப்போது ஏறத் தொடங்கியது. நூற்றறுபது ஆயிற்று. நூற்றுத் தொண்ணூறு ஆயிற்று. கடைசியில் இருநூற்றுப் பத்தில் போய் நின்றது. காரணம் எளிமையானது. மற்ற கார்கள் எல்லாம் கண்ணுக்கெட்டாத தூரம் போய்விட்டன. புகை இல்லை, தீப்பொறி இல்லை, மோதல் இல்லை. கார்டுக்கு வரைவதற்கு ஒரு காலி சாலையும் நீல வானமும்தான் இருந்தன. அது சந்தோஷமாக வரைந்து தள்ளியது.

மேடம் இந்தக் காரணத்தை அங்கேயே சொன்னார். கடைசியாக வந்தவரைச் சிறந்தவர் என்று எழுத முடியாது என்றார். இயக்குநர் அதை ஏற்கவில்லை. "பந்தயத்துல யார் முந்தினா நமக்கென்ன மேடம்? நாம எண்ணச் சொன்னது விநாடிக்கு எத்தனைன்னுதானே. இருநூத்திப் பத்து பெருசா, நூத்தி நாப்பது பெருசா?"

இருநூற்றுப் பத்துதான் பெரிது. அதை மேடத்தாலும் மறுக்க முடியவில்லை.

அவர் அறிக்கையின் அடியில் உண்மைக் காரணத்தை ஒரு பத்தியாக எழுதினார். சுத்தப்பிரதி எடுக்கும்போது அது இரண்டாம் பக்கத்துக்கு ஓடியது. இயக்குநர் ஒற்றைப் பக்க அறிக்கைகளை விரும்புபவர் என்பதால் பத்தி எடுக்கப்பட்டது. மேடம் மறுப்புச் சொல்லத்தான் எழுந்தார். அதே கோப்பில் அலுவலகம், கிளைகள் முழுக்கப் புதுக் கார்டு வாங்குகிற அனுமதியும் இருப்பதைப் பார்த்தார். ஒரு பத்திக்காக எல்லாம் கவிழ்ந்துவிடும் என்று தோன்றியது. மறுபடி உட்கார்ந்துகொண்டார். நல்லவர்கள் உட்கார்ந்துகொள்கிற இடங்கள் இப்படித்தான் அமைகின்றன.

தலைமை அலுவலகம் பூரித்துப்போய்விட்டது. கம்பெனிக்காரனின் டிரைவரை நம் சொந்த டிரைவர் தோற்கடித்திருக்கிறார் என்று சுற்றறிக்கை போயிற்று. தொடர்ந்து ஆணை வந்தது: 'மேற்படி நிதானம் டிரைவரை அனைத்துக் கிளை அலுவலகங்களிலும் உடனடியாக நிறுவுக.'

ஆணையை நிறைவேற்றுவது எப்படி என்று ஒரு நாள் யோசித்தார்கள். பிறகு கிளைக்கு ஒரு நாள் என்று முறை வைத்து, கணினியின் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு அதில் நிதானத்தை நிறுவினார்கள். சட்டையில் பதிப்பு ஒன்று என்று ஒரு வில்லை குத்தினார்கள். நடுவில் அவர் முடி வெட்டிக்கொண்டு வந்தபோது பதிப்பு ஒன்று புள்ளி ஒன்று ஆக்கினார்கள்.

அவரை முதலில் நிறுவிய நாளில்தான் வெள்ளைப் பெட்டிக் கார்டுகளும், அவற்றோடு இலவச டிரைவரும் எல்லாக் கணினிகளிலும் ஏறியிருந்தன. எழுத்தர் மனை எண்ணைத் தட்டினார். வரைபடம் கண்ணிமைக்கிற நேரத்தில் முழுசாக வந்து நின்றது, தெற்கு மூலை உட்பட. வரிசையில் நின்றவர்கள் எட்டிப் பார்த்தார்கள். திரையில் வரைபடம் தெரிந்தது, பக்கத்தில் நிதானம் தெரிந்தார். கைதட்டினார்கள். கணக்கு வாத்தியார்கூட அன்று அருங்காட்சியகத்தைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

ஒரு கிளையில் நிதானம் கழிவறைக்குப் போயிருந்த சமயத்தில் எழுத்தர் மறந்துபோய் ஒரு எண்ணைத் தட்டிவிட்டார். வரைபடம் அதே வேகத்தில் வந்துவிட்டது. எழுத்தர் ஒழுக்கமானவர். படத்தை உடனே மூடிவிட்டு, நிதானம் வந்து உட்கார்ந்த பிறகு மறுபடி திறந்தார்.

நிதானத்துக்கு முதலில் கூச்சமாக இருந்தது. நாள் முழுக்க ஒரு பெட்டியின் பக்கத்தில் சும்மா உட்கார்ந்திருக்கிறோமே என்று உடம்பு குறுகியது. வேலை போகவில்லையே, அதைப் பாருங்கள் என்று மனைவி தேற்றினார். பிறகு கூச்சம் மெல்லப் பழகிப்போயிற்று. இத்தனை காலமும் இவரை நிற்க வைத்தே பேசிய மச்சான், "உக்காருங்க மாப்ளே" என்று சொல்லி நாற்காலியை இழுத்துப் போட்டார். அன்றைக்கு நிதானம் வீட்டுக்குள்ளேயும் வில்லையைக் கழற்றவில்லை. இருந்தாலும் கொட்டகைப் பக்கமாகப் போகும்போது மட்டும் நின்று ஜீப்பை ஒருமுறை பார்ப்பார். கை தன்பாட்டுக்குத் தொடையில் கியர் மாற்றிக்கொண்டிருக்கும்.

ஜீப்புக்கு ஆள் வேண்டுமே. காலியான டிரைவர் பதவியில், ஒப்பீட்டில் அடுத்தபடியாகத் தேர்ச்சி பெற்ற டிரைவர் நியமிக்கப்பட்டார். கம்பெனி டிரைவருக்குத்தான் எண் அதிகம். ஆனால் அவரது காலை நேரப் பழக்கம் கோப்பில் பதிவாகியிருந்தது. எனவே இலவச டிரைவர். அதை ஒரு பென் டிரைவில் ஏற்றி, ஜீப்பின் ஓட்டுநர் இருக்கையில் வைத்தார்கள். இடுப்புப் பட்டையும் மாட்டினார்கள்.

இயக்குநர் காலையில் அளவையாளர்களோடு ஏறிப் பின்னால் உட்கார்ந்தார். வண்டி நகரவில்லை. ஆணையில் தன் கையெழுத்து இருந்ததால் அவரும் நகரவில்லை. வெயில் ஏறியது. ஒரு அளவையாளர் பொறுக்க முடியாமல், சார், இன்னும் கொட்டகையிலேயே இருக்கிறோம் போலிருக்கிறதே என்றார். புது டிரைவர், வண்டி கைக்குப் பழகட்டும் என்றார் இயக்குநர். மாலையில் எல்லோரும் இறங்கி, சட்டையை உதறிவிட்டு, பயணப்படி எழுதிக் கொடுத்தார்கள். இப்படியே தினமும் நடந்தது. காலாண்டு அறிக்கையில் விபத்து இல்லை, பழுது இல்லை, எரிபொருள் செலவு இல்லை என்று வந்தபோது தலைமை அலுவலகம் பாராட்டிதழ் அனுப்பியது. எந்த மனையும் அளக்கப்படவில்லை என்பதை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. வரைபடம்தான் வேகமாகத் திறக்கிறதே.

விஷயம் ஊருக்குள் பரவியது. முதலில் ஒரு நகைக்கடைக்காரர் தன் கணக்கு எழுதும் கணினிக்குப் பக்கத்தில் நிதானத்தைக் கொஞ்ச நேரம் உட்கார வைத்துவிட்டு, அதைக் கடை வாசலில் எழுதிப் போட்டார். பிறகு ஒரு பல் மருத்துவர் கூப்பிட்டார். அடுத்து வீடுகள். பிள்ளைகள் கணினியில் கார்ப் பந்தயம் ஆடும்போது பக்கத்தில் நிதானம் இருந்தால் படம் வழவழவென்று ஓடுகிறதாம். அவர் கிடைக்காதவர்கள் மெதுவாக வண்டி ஓட்டுகிற வேறு ஆட்களைத் தேடினார்கள். ஊரில் வேகமாக ஓட்டுகிற டிரைவர்களுக்கு மதிப்பே போய்விட்டது. ஒரு ஆம்புலன்ஸ் டிரைவர் தன்னாலும் மெதுவாகப் போக முடியும் என்று நிரூபித்துக் காட்டி வேலையை இழந்தார்.

ஒரு விடுமுறை நாள் காலையில் நிதானம் கதவைத் திறந்தபோது வாசலிலிருந்து தெருமுனை வரை ஆட்கள் நின்றார்கள். அவரைத் தங்கள் வீட்டுக்கு அழைத்துப்போக வந்தவர்கள். வரைபட அலுவலகத்து வரிசையில் காலங்காலமாக நின்று திட்டியவர்கள் பாதிப் பேர் அதில் இருந்தார்கள். முதல் ஆளாகக் கணக்கு வாத்தியார் நின்றார்.

அந்த முகங்களைப் பார்த்ததும் நிதானத்துக்கு மனசு பொறுக்கவில்லை. உள்ளே திரும்பி மனைவியைப் பார்த்தார். சொல்லிவிடுங்கள் என்பதுபோல அவர் தலையசைத்தார். நிதானம் படியில் இறங்கி நின்று, எல்லோருக்கும் கேட்கும்படி, ஆனால் வாத்தியாரைப் பார்த்தே பேசினார்.

"ஐயா, என்னை மன்னிச்சிடுங்க. நான் பக்கத்துல உக்காந்தா ஒண்ணும் ஆகாது. அன்னைக்கு நான் மெதுவா ஓட்டுனேன், ரோடு காலியா இருந்துச்சு, அதான் எண்ணு ஏறிடுச்சு. ஆபீஸ்ல படம் சீக்கிரம் தெறக்கறது புதுக் கார்டால. எனக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

யாரும் கோபப்படவில்லை. யாரும் கலைந்து போகவும் இல்லை. கணக்கு வாத்தியார் ஒரு படி மேலே வந்து, குரலைத் தாழ்த்தி, பையனுக்குப் பாடம் சொல்வதுபோல் சொன்னார்.

"அது எங்களுக்குத் தெரியாதா தம்பி? என் வீட்ல கம்ப்யூட்டரே கிடையாது. எதிர்வீட்டுக்காரன் போன வாரம் உங்களைக் கூட்டிட்டுப் போய் உக்கார வெச்சுட்டான். நாங்க வெக்கலேன்னா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க?"

பின்னால் நின்றவர்கள் அதுதானே என்று தலையாட்டினார்கள்.

நிதானம் மனைவியிடம் சொல்லிக்கொண்டார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டார். நாற்காலியை எங்கே போடுவீர்கள் என்று மட்டும் கேட்டார்.

"தெருவுல போறவங்களுக்குத் தெரியற மாதிரி" என்றார் வாத்தியார்.